அடம் வேறு, அடமன்ட் வேறு



‘அடமன்ட்’ என்ற ஆங்கிலப் பெயரடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதத் தயங்குபவர்கூட இந்தச் சொல்லைத் தமிழ்ப் பேச்சில் தாராளமாகப் போடுகிறார். “சம்பந்தி வீட்டுக்காரங்க அந்த மண்டபம்தான் வேணும்னு அடமன்ட்டா நிக்கிறாங்க.” “மேனேஜர் லீவு தரமாட்டேன்னு அடமன்ட்டா சொல்லிட்டார்.” இப்படி நாள்தோறும் காதில் விழுகிறது.

இதனோடு சேர்த்து எண்ணப்படும் சொற்கள் இன்னும் சில உண்டு. ‘ஸ்டபர்ன்’ என்றால் அது பெரும்பாலும் ஒருவருடைய சுபாவம். ‘ரிஜிட்’ என்றால் விறைப்பு. லத்தீனில் விறைத்துப்போதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல் அது. வளைந்து கொடுக்காத விதிமுறைக்கும் அதைச் சொல்வார்கள், மடங்காத முழங்காலுக்கும் சொல்வார்கள். ‘அடமன்ட்’ இந்த இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. அது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் ஒருவர் எடுத்துக்கொண்ட நிலை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற சாதுவான அம்மா ஒருவர், மகளை மேலே படிக்கவைக்கும் விஷயத்தில் மட்டும் ஊரே திரண்டு வந்தாலும் அசையமாட்டார். அவரை ஸ்டபர்ன் என்று சொன்னால் நெருடும். அந்த ஒரு விஷயத்தில் அவர் அடமன்ட். அதைப் பாராட்டாகக் கேட்பதா, பழியாகக் கேட்பதா என்பதை இந்தச் சொல் முடிவு செய்வதில்லை. அந்த இரட்டைத் தன்மைக்கும் நீண்ட வரலாறு உண்டு, பிறகு வருகிறேன்.

முதலில், உங்களில் பலர் மனத்தில் ஏற்கெனவே எழுந்திருக்கும் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நம் பிள்ளை அடம் பிடிக்கிறது. ஆங்கிலேயர் அடமன்ட்டாக இருக்கிறார். ஒலி ஒன்று, பொருளும் ஒன்று. அப்படியானால் ஆங்கிலம் தமிழிடமிருந்து இதை வாங்கிக்கொண்டதுதானே? இதை உறுதியாகச் சொல்பவர்களைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். தமிழ் மேல் உள்ள அன்பினால்தான் சொல்கிறார்கள். அந்த அன்பு எனக்கும் உண்டு. அதனால்தான் இதை விரிவாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டு சொற்களுக்கு உறவு உண்டு என்று சொல்ல, இன்றைய ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. ஒவ்வொன்றும் பழைய காலத்தில் எந்த உருவில் இருந்தது, எந்த வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும். ‘அடமன்ட்’ லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த கிரேக்கச் சொல். கிரேக்கத்தில் அது ‘அதமாஸ்’. வேற்றுமை உருபு ஏற்கும்போது ‘அதமந்தோஸ்’ என்று ஆகும். அங்கே ஒலிப்பது நாவின் நுனி பல்லைத் தொடும் ‘த’கரம். ஆங்கிலேயர் ‘டி’ என்று உச்சரிப்பதை நம் காது ‘ட’ என்று கேட்பதால்தான் இது ‘அடம்’ போல ஆகிவிடுகிறது. மூல உருவைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ‘அதமந்த்’ என்றுதான் வரும். அதைக் கேட்டு யாருக்கும் அடம் நினைவுக்கு வராது. மேலும், ‘அடம்’ போக மீதி நிற்கும் ‘அன்ட்’ எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குத் தமிழ்வழி விளக்கம் சொல்பவர்களிடம் பதில் இல்லை. கிரேக்கத்தில் அது சொல்லின் அடியிலேயே இருக்கிறது.

நம் ‘அடம்’ எங்கிருந்து வந்தது? அகராதி காட்டும் வழி, வடமொழியின் ‘ஹட’. வலுக்கட்டாயம், பிடிவாதம் என்று அதற்குப் பொருள். ஹடயோகத்தில் இருப்பதும், பிடிவாதத்துக்கு இந்திக்காரர் சொல்லும் ‘ஹட்’டும் அதுவே. முதலில் நின்ற ஹகரம் தமிழில் மறைந்துபோனது. ஆக, ஒன்று ‘ஹட’, மற்றொன்று ‘அதமந்த்’. பின்னோக்கிப் போகப்போக இரண்டும் விலகித்தான் போகின்றன.

‘அதமாஸ்’ என்பதை ‘அ’ என்ற எதிர்மறை முன்னொட்டாகவும், அடக்குதல் என்று பொருள்படும் ‘தம்’ என்ற வேராகவும் பெரும்பாலோர் பிரிக்கிறார்கள். அடக்க முடியாதது என்பது பொருள். இது கிழக்கே செமித்திய மொழி ஏதோ ஒன்றிலிருந்து கிரேக்கத்துக்கு வந்த சொல் என்று ஐயப்படுகிற அறிஞர்களும் உண்டு. முதல் விளக்கத்தை ஏற்றால், இதே வேர் ஆங்கிலத்தில் விலங்கைப் பழக்குவதைக் குறிக்கும் ‘டேம்’ என்ற சொல்லிலும் இருக்கிறது, வடமொழியிலும் இருக்கிறது. நளன் கதையின் தமயந்தி பெயரில் இருப்பது இதே ‘தம்’தான், அடக்குபவள் என்று அந்தப் பெயருக்குப் பொருள். நாம் நெடுங்காலமாக அறிந்த ஒரு பெயருக்குள் இந்தச் சொல்லின் உறவு இருக்கிறது. அது நாம் தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

கிரேக்கத்தில் இந்தச் சொல் முதலில் தோன்றும் இடங்களைப் பாருங்கள். ஏறத்தாழ கி.மு. 700ஐ ஒட்டி வாழ்ந்த ஹெசியோட் என்ற புலவர் தேவர்களின் பிறப்பைப் பாடினார். அதில் பூமித்தாய் சாம்பல் நிற அதமாஸை உண்டாக்கி, அதில் ஒரு பெரிய அரிவாள் செய்கிறாள். தன் பிள்ளைகளை ஒளித்துவைத்து வதைக்கும் வானத்தந்தைக்கு எதிராக மகன் குரோனோஸ் கையில் அதைக் கொடுக்கிறாள். குரோனோஸ் தந்தையின் ஆண்மையை அறுக்கிறான். இது என்ன பொருள்? வைரமாக இருக்க முடியாது. வைரம் அப்போது அந்தக் கடற்கரைகளை எட்டியிருக்கவில்லை என்றே கருதப்படுகிறது. எஃகு என்கிறார்கள் சிலர். எல்லாவற்றையும் வெல்லும் ஏதோ ஒன்று என்று கற்பனையில் மட்டும் இருந்த பொருள் என்பார்கள் வேறு சிலர். எனக்கு வியப்பூட்டுவது இன்னொன்று. அதே ஹெசியோட், வெண்கல யுகத்து முரட்டு மனிதர்களுக்கு அதமாஸ் போன்ற நெஞ்சு இருந்தது என்றும் பாடியிருக்கிறார். ஆக, சொல் கிடைக்கும் மிகப் பழைய நூல்களிலேயே அது பொருளின் கடினத்தையும் மனத்தின் கடினத்தையும் சேர்த்தே குறித்தது. கல்லுக்குச் சொன்னது பிறகு மெல்லமெல்ல மனிதருக்கு ஏறியது என்று நாம் எளிதாகப் போட்டுக்கொள்ளும் வரிசை இங்கே பொருந்தவில்லை.

பிறகு நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்த புரொமீதியஸை அதமாஸ் விலங்கால் பாறையில் பிணைக்கிறார்கள். பிளேட்டோ தன் ‘குடியரசு’ நூலின் கடைசிப் பகுதியில், அண்டத்தைச் சுழற்றும் நூற்புக் கதிரின் தண்டையும் கொக்கியையும் அதமாஸால் செய்கிறார். கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. இருந்தும் எல்லோருக்கும் தெரிந்த பொருள் அது.

கி.பி. முதல் நூற்றாண்டில் நிலைமை மாறுகிறது. மாற்றம் வந்தது நம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து. ‘எரித்திரேயக் கடல் பெரிப்புளூஸ்’ என்ற கிரேக்க நூலை அந்தக் காலத்து வணிகர் ஒருவர் எழுதினார். பெயர் தெரியாது, ஆனால் சரக்குகளை நன்றாக அறிந்தவர். முசிறி, நெல்கிந்தா துறைமுகங்களில் ஏற்றப்படும் சரக்குகளை அடுக்கும்போது மிளகு, முத்து, யானைத் தந்தம் இவற்றோடு ‘அதமாஸ்’ என்றும் எழுதியிருக்கிறார். கவிதையில் இருந்த பொருள் இப்போது கப்பலில் ஏறிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை, உலகச் சந்தைக்கு வைரம் ஏறத்தாழ முழுவதும் இந்தியாவிலிருந்துதான் போனது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணி விற்கும் தெருவை வருணிக்கிறது. வைரத்துக்குரிய குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று நான்கைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. காக்கையின் கால்தடம் போன்ற கீறலைக் கல்லுக்குள் கண்டுபிடிக்கப் பழகிய கண்கள் அந்தத் தெருவில் இருந்திருக்கின்றன.

ரோமில் அந்தப் பழக்கம் இல்லை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி, தம் ‘இயற்கை வரலாறு’ நூலின் 37ஆம் புத்தகத்தில் அதமாஸைப் பற்றி எழுதுகிறார். பட்டறைக்கல்லில் வைத்து அடித்தால் சம்மட்டி சிதறும், பட்டறைக்கல்லே பிளக்கும், கல் அப்படியே இருக்கும் என்கிறார். அதை இளக்க ஒரே வழி வெள்ளாட்டு இரத்தம், அதுவும் சூடு ஆறாத புது இரத்தம் என்கிறார். இது முழுத் தவறு. வைரத்தைச் சம்மட்டியால் அடித்தால் அது உடையும். இந்தச் சோதனையை நம்பியவர் கையில் போலிக்கல்லோடு உண்மையான கல்லும் தூளாகிப் போயிருக்கும். ஆனாலும் ஆட்டு இரத்தக் கதை 1500 ஆண்டுகளுக்கு மேல் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. புனித அகஸ்டின் போன்ற பேரறிஞரும் அதைத் திருப்பிச் சொன்னார்.

இன்றைய பேச்சின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டேன். அடம் கதையை இவ்வளவு கவனமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது.

இடைக்கால ஐரோப்பியரும் இதே சொல்லைக் கேட்டு, நம்மைப் போலவே வேறொரு சொல்லை அதற்குள் கேட்டார்கள். லத்தீனில் ‘அதமாரே’ என்றால் ஆழ்ந்து நேசித்தல். ‘அதமாஸ்’ அந்தச் சொல்லின் உறவு என்று நினைத்தார்கள். நேசிக்கும் கல் எது? இரும்பைத் தன்பால் இழுக்கும் காந்தம். அதனால் ‘அடமன்ட்’ என்பது வைரத்துக்கும் பெயர், காந்தத்துக்கும் பெயர் என்று ஆகிவிட்டது. வைரத்தை அருகில் வைத்தால் காந்தம் தன் ஆற்றலை இழக்கும் என்று பிளினி எழுதிவைத்ததும் இந்தக் குழப்பத்துக்குத் துணை செய்தது. பிரெஞ்சு மொழியில் இன்றும் காந்தத்துக்குப் பெயர் ‘எமான்’. அது ‘அதமாஸ்’ தேய்ந்து வந்த உருவம். நேசிக்கிற என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லும் அதே எழுத்துகளில், அதே ஒலியில் அமைந்திருப்பதால், அந்தத் தவறு பிரெஞ்சுக்காரர் காதுக்கு இன்னும் இனிமையாகவே இருக்கும்.

ஷேக்ஸ்பியர் இந்த இரண்டு பொருளையும் ஒரே இடத்தில் கையாண்டார். ‘நடுவேனிற்கால இரவுக் கனவு’ நாடகத்தில் ஹெலனா தன்னை வெறுத்துத் துரத்தும் டிமிட்ரியஸைக் கல்நெஞ்சுக்கார அடமன்ட் என்று அழைக்கிறாள். வைரம் போல இறுகியவன், ஆனால் காந்தம் போல இழுப்பவன். அவள் அவன் பின்னால் போவதற்கும் அவன் இரங்காததற்கும் காரணம் ஒரே சொல்லில் இருக்கிறது. இன்றைய வாசகர் அடமன்ட் என்றால் பிடிவாதம் என்று மட்டும் அறிந்திருந்தால் அந்த வரியின் பாதி போய்விடும்.

காந்தக் கதை கடலுக்கும் போனது. இரண்டாம் நூற்றாண்டுப் புவியியலாளர் தாலமி, இலங்கைக்குக் கிழக்கே கடலில் மணியோலை என்ற தீவுகள் உண்டு என்றும், இரும்பாணி அடித்த மரக்கலங்கள் அங்கே அகப்பட்டுக்கொள்ளும் என்றும், அதனால் மர ஆணி வைத்தே அங்கே கலம் கட்டுகிறார்கள் என்றும் எழுதினார். பிறகு வந்த பயணக் கதைகளில் அவை அடமன்ட் பாறைகளாகின. ஆயிரத்தொரு இரவுகளில் காந்தமலை நெருங்கும்போது ஆணிகள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு பறக்கின்றன. இதற்கெல்லாம் அடியில் ஓர் உண்மை உண்டு. இந்தியப் பெருங்கடலில் பல கலங்கள் ஆணி இல்லாமல் கட்டப்பட்டன. சென்னைக் கடற்கரையில் அலையைக் கடந்து கப்பலுக்கு ஆளும் சரக்கும் ஏற்றிச்சென்ற மசூலா படகுகளின் பலகைகள் தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை அறையும்போது தையல் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி அடித்த படகு பிளந்துவிடும். அந்தக் கைத்தொழில் அறிவு புரியாதவர்கள் ஆணி ஏன் இல்லை என்பதற்குக் காந்தமலையைக் காரணமாக்கினார்கள் என்றே நான் கருதுகிறேன்.

வைரத்தையும் காந்தத்தையும் ஒன்றாக்கிய இந்த மயக்கத்தைத் தெளிவித்தவர்களில் முதலில் நிற்பவர் வில்லியம் கில்பர்ட் என்ற லண்டன் மருத்துவர். 1600இல் காந்தத்தைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். வைரத்தில் தேய்த்த இரும்பு வடக்கு நோக்கித் திரும்பும் என்று இத்தாலியின் தெல்லா போர்ட்டா எழுதியிருந்தார். கில்பர்ட் அதை மறுத்து வாதாடிக்கொண்டிருக்கவில்லை. பலர் பார்க்க, 75 வைரங்களைக் கொண்டு வந்து இரும்பில் தேய்த்துப் பார்த்தார். தக்கையில் மிதந்த இரும்பு வடக்குப் பக்கம் திரும்பவில்லை. ஒரே ஒரு வைரத்தோடு நிறுத்தியிருந்தால், உங்கள் கல் மட்டம் என்று சொல்லியிருப்பார்கள். 75 கல்லுக்கு அப்படிச் சொல்ல முடியாது. சொல்லின் ஒலியிலிருந்து பிறந்த ஒரு நம்பிக்கையை உடைக்க இவ்வளவு தேவைப்பட்டது. 1646இல் தாமஸ் பிரவுன், மக்கள் நம்பும் பிழைகளைத் தொகுத்து எழுதிய நூலில் ஆட்டு இரத்தத்தையும் மறுத்தார்.

‘அதமாஸ்’ இதற்குள் பல கிளைகளாகப் பிரிந்திருந்தது. பிற்கால லத்தீனில் முன்பகுதி மாறி ‘தியமாஸ்’ ஆகி, அதிலிருந்து ‘டைமண்ட்’ வந்தது. கிழக்கே அரபியில் ‘அல்மாஸ்’ ஆனது, ரஷ்ய மொழியில் ‘அல்மாஸ்’ என்றே இன்றும் வழங்குகிறது. டைமண்ட் கல்லின் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டதால் ஆங்கிலத்தில் அடமன்ட்டுக்கு உண்மையான கல் எதுவும் மிஞ்சவில்லை. அது மறுபடியும் ஹெசியோட் காலத்தைப் போலக் கற்பனைப் பொருளானது. பிறகு முழுக்க மனநிலையைக் குறிக்கும் பெயரடையானது.

1611இல் வந்த ஆங்கில பைபிளில் இதன் இரண்டு முகமும் தெரியும். எசேக்கியேல் என்ற தீர்க்கதரிசியிடம் கடவுள், முரட்டு மக்களுக்கு முன்னால் நீ அஞ்சாதிருக்க உன் நெற்றியை அடமன்ட் போல ஆக்கினேன் என்கிறார். சகரியா நூலிலோ, கடவுளின் சொல் காதில் விழாதபடி மக்கள் தங்கள் நெஞ்சை அடமன்ட் கல்லாக்கிக்கொண்டார்கள். எபிரேய மூலத்திலும் இரண்டு இடத்துக்கும் ஒரே சொல்தான். ஓரிடத்தில் அது துணிவு, இன்னோரிடத்தில் செவிட்டுத்தனம். பேசுகிறவனுக்கு வேண்டியது அந்த நெற்றி. கேட்கிறவனுக்கு ஆகாதது அந்த நெஞ்சு. இன்றும் அடமன்ட் என்று ஒருவரைச் சொல்லும்போது, அவர் நெற்றியைச் சொல்கிறோமா, நெஞ்சைச் சொல்கிறோமா என்று யோசித்துப் பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றும்.

கவிஞர் மில்டன் 1667இல் வெளியிட்ட காவியத்தில் நரகத்தின் வாசலில் அடமன்ட் கதவுகளை நிறுத்தினார். 1726இல் ஸ்விஃப்ட் கலிவரை ஒரு பறக்கும் தீவுக்கு அனுப்பினார். அந்தத் தீவின் அடித்தளம் ஏறத்தாழ 200 கஜம் கனமுள்ள ஒரே அடமன்ட் பலகை. அதைப் பறக்கவைப்பது நடுவில் உள்ள காந்தக்கல். பிரிந்துபோன இரண்டு பொருளையும் மறுபடி ஒன்றாக்கிவிட்டார்! அந்தத் தீவின் அரசன், கீழே கலகம் செய்யும் ஊர்மேல் தீவையே இறக்கி நசுக்கிவிடலாம். ஆனால் ஊரில் உயர்ந்த கோபுரங்களும் கல்தூண்களும் இருந்தால் இறக்கத் தயங்குவான். அடமன்ட் அடித்தளம் விரிசல் கண்டுவிடும் என்ற அச்சம். ஆட்சியின் இறுக்கத்தைப் பற்றி இதைவிடக் கூர்மையாக எழுதப்பட்டது அதிகம் இருக்காது.

அறிவியலும் ஸ்விஃப்ட் பக்கம்தான். 1812இல் பிரெடரிக் மோஸ் கனிமங்களின் கடினத்தை வரிசைப்படுத்தி வைரத்துக்கு 10 கொடுத்தார். அந்த வரிசை அளப்பது எது எதைக் கீறும் என்பதை மட்டுமே. கீற முடியாதது உடையாதது ஆகாது. வைரத்தின் படிகத்துக்குள் எளிதாகப் பிளக்கும் தளங்கள் நான்கு திசைகளில் இருக்கின்றன. 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 கேரட் கல்லினன் வைரத்தை 1908இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் இப்படித்தான் பிளந்தார். இன்னொரு வைரத்தால் கல்லில் பள்ளம் கீறி, அதில் எஃகு அலகை நிறுத்தித் தட்டினார். முதல் அடியில் அலகு உடைந்தது. பிறகு கல் பிளந்தது. எரிக்கவும் முடியும். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1772இல் பெரிய ஆடியால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்தார். 1797இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஸ்மித்சன் டெனன்ட் அது வெறும் கரி என்று காட்டினார். அடக்க முடியாதது என்று பெயர் வாங்கிய பொருளின் நிலை இது.

மோஸ் வரிசையில் 9ஆம் இடத்தில் இருக்கும் கனிமத்துக்கு ‘கொரண்டம்’ என்று பெயர். ஆங்கில அகராதியைத் திறந்து பாருங்கள், மூலம் தமிழ் என்று போட்டிருக்கும். நம் ‘குருந்தம்’தான் அது. சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல், மங்கலாக இருந்தால் குருந்தக்கல். பொடித்து அரக்கோடு சேர்த்துச் சாணைக்கல் செய்வார்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இது பாறையோடு கிடைக்கிறது. சந்திரயான் 2க்காக நிலவின் மண்ணைப் போல மண் செய்ய இஸ்ரோ எடுத்ததும் அந்தப் பகுதியின் அனார்த்தசைட் பாறையைத்தான்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கல் ஐரோப்பாவுக்குப் போனபோது அங்கே அதை ‘அடமன்டைன் ஸ்பார்’ என்று அழைத்தார்கள். வைரத்தை அடுத்த கடினம் என்பதால் பழைய கிரேக்கப் பெயரையே கொடுத்தார்கள். சார்லஸ் கிரெவில் 1798இல் ராயல் சொசைட்டியின் இதழில் இதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பில் ‘கொரண்டம்’ என்று இந்நாட்டுப் பெயரையே போட்டார். அந்தப் பெயர் நிலைத்தது. அடமன்டைன் ஸ்பார் வழக்கிலிருந்து போய்விட்டது. அடமன்ட் என்ற சொல்லும் தமிழும் உண்மையாகவே சந்தித்த இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். அந்தச் சந்திப்பில் உலகம் ஏற்றுக்கொண்டது தமிழ்ச் சொல்லை. இல்லாத ஓர் உறவைப் பரப்பிக்கொண்டு, நம் பள்ளிப் புவியியல் வகுப்புகளில்கூட இதைச் சொல்லாமல் விடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம். இங்கே ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த முறை மோஸ் வரிசையைக் கரும்பலகையில் எழுதும்போது 9க்கு நேரே குருந்தம் என்றும் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. கிரேக்கர்களின் முதல் அதமாஸ் எது என்ற கேள்விக்கு எஃகு என்ற பதிலைச் சொன்னேன். இன்னொரு பதிலும் உண்டு. ஏஜியன் கடலில் நக்சோஸ் தீவில் பழங்காலம் முதல் வெட்டி எடுக்கப்படும் எமரி என்ற தேய்ப்புக்கல்லாக அது இருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். வைரம் வருவதற்கு முன் கிரேக்கர் மணிகளை அறுக்கவும் மெருகிடவும் பயன்படுத்திய கல் அது. எமரியை அவ்வளவு கடினமாக்குவது அதற்குள் நுண்மணிகளாக நிறைந்திருக்கும் குருந்தம்.